தர்ஷிகாவோட போனைத் திறந்தது யாரு

ஏனுங்க, அந்தப் போனை ஒருக்கா அணைச்சுட்டுத் திரும்ப ஆன் பண்ணுங்களேன். தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க போன்ல எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க. ஆன் ஆகறப்ப முதல்ல என்ன வருதுன்னு பார்க்கோணும், அவ்வளவுதான். ஆங், கம்பெனிப் பேரு வருது. நேரா உள்ள போயிருச்சு. நல்ல போனுங்க. யாரும் கை வைக்கலை.

என்ற பொண்ணு போன்ல இப்படி வராதுங்க. முதல்ல கருப்பா ஒரு திரை. அதுல ஆரஞ்சுக் கலர்ல இங்கிலீஷ் எழுத்து. இந்தப் போனோட பூட்டைத் திறந்திருக்காங்க, இனி இதை நம்ப முடியாதுன்னு அர்த்தமாம். போனே சொல்லுதுங்க! பெத்தவன் அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?

நான் தாராபுரமுங்க. சென்னியப்பன்னு பேரு. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். இப்ப இந்த பஸ்ல திருச்சிக்குத்தான் போறேன், பொண்ணு அங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. தர்ஷிகா. பி.எஸ்சி. கணக்கு, ரெண்டாவது வருஷம். கம்ப்யூட்டர் இல்லீங்க, கணக்கு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க. கம்ப்யூட்டர் படிக்கற பொண்ணா இருந்தா நானும் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன்.

லேடீஸ் காலேஜு, லேடீஸ் ஹாஸ்டலு. பெரிய சுவரு, வாட்ச்மேனு, வார்டனு எல்லாம் இருக்குது. இருந்தாலும் மனசு கேக்கோணுமுங்களே. அதனால போன் வாங்கிக் குடுக்கறப்பவே எங்க ஊரு மொபைல் கடை ஜெபராஜ் கிட்டச் சொல்லி ஒரு ஆப் போட்டுக் குடுத்தேன். பொண்ணு எங்க இருக்குதுன்னு என்ற போன்ல மேப் வரும், அதுல ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பொண்ணு. என்னென்ன ஆப் வெச்சிருக்கா, எவ்வளவு நேரம் பார்க்கறா, அதுவும் வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல போன் தானா நின்னுக்கும். பாதுகாப்புக்குத்தானுங்க. வேற எதுக்கு?

மில்லுல எனக்குக் கேமரா ரூம்ல வேலை. ஒரு பக்கம் திரையில மிஷின் ஹாலு, ஒரு பக்கம் கையில புள்ளி. பழக்கமாயிருச்சுங்க. டீ குடிக்கறப்பப் பார்ப்பேன், பாத்ரூம் போயிட்டு வந்து பார்ப்பேன். புள்ளி கிளாஸ்ல இருந்தா மனசு நெறைஞ்சிரும்.

ஒரு நாள் சாயங்காலம் புள்ளி பேக்கரியில நிக்குது. போன் பண்ணினேன். "என்ன அம்மிணி பண்றே?" "பப்ஸ் சாப்பிடறேன்ப்பா." "யாரோட?" "வாயில இருக்குப்பா, சாப்பிட்டுட்டுப் பேசறேனே." "முழுங்கிட்டுச் சொல்லு"ன்னேன். பக்கத்துல புள்ளைக சிரிக்கற சத்தம் கேட்டுது. பொம்பளைப் புள்ளைக சத்தம்தான். சரின்னு வெச்சுட்டேன். அவ்வளவுதானுங்க. நான் திட்டவே இல்லை. என்னை மாதிரி ஒரு அப்பன் கிடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்னு என்ற சம்சாரம் கலாமணி கிட்ட நானே சொல்லியிருக்கேன்.

அடுத்த தடவை லீவுக்கு வந்தப்ப எனக்குச் சோறு போட்டுட்டே கேட்டா. "அப்பா, அந்த ஆப்பை எடுத்துருங்கப்பா. நான் எங்க போனாலும் உங்ககிட்டச் சொல்லிட்டே போறேன்." நான் சிரிச்சுட்டேன். "சொல்லிட்டுப் போனா என்ன அம்மிணி, சொல்லாமப் போனா என்ன, எனக்குத்தான் எல்லாம் தெரியுதே"ன்னேன். அவ ரசம் ஊத்திட்டு உள்ள போயிட்டா. கலாமணி என்னையே பார்த்துட்டு நின்னா. எதுக்குப் பார்த்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க.

தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் போன் பண்ணி, "அப்பா, போன்ல இருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு, போட்டோவெல்லாம் போயிருச்சு, உங்க ஆப்பைத் திரும்பப் போட்டுட்டேன், புள்ளி வருதான்னு பாருங்க"ன்னா. பார்த்தேன். வந்துச்சு. எவ்வளவு பொறுப்பான பொண்ணுன்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் பாருங்க, புள்ளி அசையவே இல்லை. ஹாஸ்டலு, காலேஜு. காலேஜு, ஹாஸ்டலு. பேக்கரி கிடையாது, கடைவீதி கிடையாது. ஞாயித்துக்கிழமை முழுக்க ரூம்லயே. மில்லுல எல்லார் கிட்டயும் காட்டினேன். "பாருங்கய்யா, இப்படி வளர்க்கோணும் பொண்ணை." எங்க மேனேஜரு கூட அவரு பொண்ணுக்கும் அதே ஆப் வேணும்னு கேட்டு வாங்கிப் போட்டாரு.

அப்படி இருக்கறப்ப என்ற மச்சான் குழந்தைவேலு ஒரு நாள் கூப்பிட்டான். கலாமணியோட தம்பிங்க, லோடு ஏத்திட்டுத் திருச்சிப் பக்கம் போறவன். "மாமா, காவேரிப் பாலத்துல நம்ம தர்ஷியைப் பார்த்தேன். கூடப் படிக்கற புள்ளைகளோட நின்னு ஆத்துல தண்ணி போறதைப் பார்த்துட்டு இருந்துச்சு. வண்டியை நிறுத்திக் கரும்புச் சாறு வாங்கிக் குடுத்தேன். அது இப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சு மாமா!" அப்படீங்கறான்.

நான் உடனே போனை எடுத்துப் பார்த்தேன். புள்ளி ஹாஸ்டல்ல உக்காந்திருக்குது.

பொண்ணு பாலத்துல. புள்ளி ஹாஸ்டல்ல. என்ன கேக்கறீங்க? பாலத்துல யாரோட நின்னாளா? அதான் சொன்னேனே, பொம்பளைப் புள்ளைகளோடதான். குழந்தைவேலு அப்படித்தான் சொன்னான். நானும் அதையேதான் கேக்கறேன். ஆத்தைப் பார்க்கறதுக்கு எதுக்குங்க போனை ஏமாத்தோணும்? என்ற கிட்டக் கேட்டிருந்தா நான் யோசிச்சு, லீவுல கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்க மாட்டேனா?

உடனே கேக்கலை. பொங்கல் லீவுக்கு வரட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். வந்தா. அவ குளிக்கப் போன நேரத்துல போனை எடுத்து அணைச்சு ஆன் பண்ணினேன். அப்பத்தான் அந்த ஆரஞ்சு எழுத்து. நேரா எடுத்துட்டு ஜெபராஜ் கடைக்கு ஓடினேன்.

அவன் பார்த்துட்டு விசிலடிச்சான். "ஏனுங்ணா, இது பூட்லோடரைத் திறந்திருக்காங்க"ன்னான்.

"அப்படீன்னா?"

"கம்பெனிக்காரன் போனுக்குள்ள ஒரு பூட்டுப் போட்டுத்தான் விக்கறான். அவன் குடுத்த சாஃப்ட்வேரு மட்டும்தான் ஓடும். அதைத் திறந்துட்டா வேற சாஃப்ட்வேரு ஏத்திக்கலாம், போன் நாம சொன்னதைக் கேக்கும். இதுல கம்பெனி சாஃப்ட்வேரே இல்லீங்ணா. சுத்தமாத் தூக்கிட்டு வேற போட்டிருக்காங்க. உங்க ஆப்பும் இருக்குது. ஆனா அது எந்த இடத்தைக் காட்டோணும்னு இவங்க முடிவு பண்றாங்க."

"யாரு பண்ணியிருப்பா?"

"நல்லா விஷயம் தெரிஞ்ச ஆளுங்ணா. அவசரத்துல பண்ண முடியாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டுட்டு ஒரு வாரம் காத்திருக்கோணும். திறக்கறப்ப உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிரும். அப்படியும் துணிஞ்சு செஞ்சிருக்கான் பாருங்க. இந்த வேலையை நானே செய்ய யோசிப்பேன்."

செஞ்சிருக்கான். கேட்டீங்களா? செஞ்சிருக்கான்னு அவனே சொல்லிட்டான். அப்ப ஒரு பையன் இருக்கான்.

வீட்டுக்கு வந்து நான் சத்தம் போடலீங்க. போனை இருந்த இடத்துலயே வெச்சேன். கேட்டா பையனைக் காப்பாத்தப் பார்ப்பா, அப்புறம் உண்மை வராது. பொங்கல் முடிஞ்சு அவ ஹாஸ்டலுக்குப் போன அடுத்த நாளே நான் மில்லுல லீவு சொல்லிட்டுத் திருச்சிக்குப் போயிட்டேன்.

ஹாஸ்டலுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடைங்க. உள்ள கம்ப்யூட்டரு, கேபிளு, ஹெட்போனு. கல்லாவுல ஒரு ஆளு, தலையில எண்ணெய் வெச்சு வழிச்சு வாரிட்டு உக்காந்திருக்கான். எனக்குப் பார்த்த உடனே புரிஞ்சுபோச்சு. "பொண்ணுக போனெல்லாம் நீதானே திறந்து குடுக்கறே?"ன்னு சட்டையைப் பிடிச்சுட்டேன். கூட்டம் கூடிருச்சு. "சார், நான் ஜெராக்ஸ் போடறேன் சார், பிரிண்ட் எடுக்கறேன் சார்"னு அந்த ஆளு அழுகற மாதிரி ஆயிட்டான். உள்ள இருந்து அவன் சம்சாரம் கைக்குழந்தையோட ஓடி வந்துச்சு. சரி, இவன் இல்லைன்னு விட்டுட்டேன். சட்டைப் பட்டன் ஒண்ணு அறுந்திருச்சு. இந்தக் காலத்துச் சட்டையெல்லாம் என்ன தையல் போடறாங்களோ.

நேரா வார்டன் கிட்டப் போனேன். ரெஜினா மேரின்னு பேரு, வயசானவங்க, கண்ணாடியைத் தலையில ஏத்தி விட்டுட்டுப் பேசறவங்க. "மேடம், என்ற பொண்ணு போனை எவனோ திறந்திருக்கான். உங்க ஹாஸ்டலுக்குள்ள எவன் வந்து போறான்?"ன்னு கேட்டேன். அவங்க முகம் சிவந்துபோச்சு. "இங்க பால்காரர் கூட கேட்டோட நின்னுருவாரு சார்"னுட்டுத் தர்ஷிகாவை வரச் சொன்னாங்க.

வந்தா. என்னைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு அவளுக்கு. நான் கேட்டேன், "யாரு அவன்?"

"யாருமில்லப்பா. நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. ஃபியூஸ் போனா என்னைக் கூப்பிடற பொண்ணு. "பொய் சொல்லாதே அம்மிணி. பேரைச் சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"நான்தான்ப்பா செஞ்சேன்."

"அப்ப இங்கயே செஞ்சு காட்டு."

அவளால முடியாதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அவ ரூமுக்குப் போயி ஒரு பென்டிரைவும் கேபிளும் எடுத்துட்டு வந்தா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போனை மாட்டினா. கருப்பா ஒரு திரை வந்துச்சு, அதுல என்னவோ டைப் பண்றா. "பூட்டு ஏற்கனவே திறந்துதான்ப்பா இருக்கு. உள்ள இருக்கறதை அழிச்சுட்டு வேற ஏத்திக் காட்டறேன். இதுதான் போனும் கம்ப்யூட்டரும் பேசிக்குதான்னு பார்க்கறது. இப்ப பழசு போகுது. இந்த இடத்துல கேபிளை அசைக்கக் கூடாதுப்பா, அசைச்சா போன் செத்துரும்." எனக்குச் சொல்லிக்கிட்டே செய்யறா. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டிக் காட்டுவா, "அப்பா பாருங்க, அப்பா பாருங்க"ன்னு, அதே மாதிரி. முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம். நான் கேபிளைப் பிடிச்சுட்டே நின்னேன், அசையாம இருக்கட்டும்னு.

கொஞ்ச நேரத்துல போன் புதுசா எந்திரிச்சுது. வேற கலரு, வேற எழுத்து. வார்டன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கிட்டு எட்டிப் பார்க்கறாங்க. "ஏம்மா, என் போன்ல எதைத் தொட்டாலும் விளம்பரமா வருது, அதை எடுக்க முடியுமா?"ங்கறாங்க. "அதுக்குப் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்ல மேடம், சாயங்காலம் எடுத்துத் தரேன்"ங்கறா இவ. அப்பத்தான் தெரிஞ்சுது, ஹாஸ்டல்ல பாதிப் புள்ளைக இவ கிட்டத்தான் போனைக் கொண்டு வர்றாங்களாம். பழைய போனு, கம்பெனிக்காரன் கைவிட்ட போனு, எல்லாத்துக்கும் இவ உசிர் குடுக்கறாளாம். நான் பேச வந்தது என்ன, இவங்க பேசறது என்ன!

"சரி, உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னேன்.

"படிச்சேன்ப்பா. இதுக்குன்னு ஒரு வெப்சைட்டு இருக்கு. எல்லாரும் எழுதுவாங்க."

"அதுல உனக்கு எழுதினது யாரு?"

"தெரியலப்பா. போலந்துக்காரர்னு நினைக்கறேன்."

நான் வார்டனைப் பார்த்தேன். "கேட்டீங்களா மேடம்? ஒருத்தன் இருக்கான்!" அவங்க கண்ணாடியைத் திரும்பத் தலைக்கு ஏத்திக்கிட்டாங்க.

இன்னொண்ணும் கேட்டேன். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டவ என்ற ஆப்பை மட்டும் எதுக்குத் திரும்பப் போட்டே?"

கேபிளைச் சுத்தி வெச்சுக்கிட்டே சொன்னா. "நீங்க நிம்மதியா இருக்கோணும்னுதான்ப்பா. புள்ளி வரலைன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. அம்மாவையும் சேர்த்துக்கிட்டுப் பேசறா.

போனை வாங்கிக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்து, "இனி இதுதான்"னேன். அழுவா, கெஞ்சுவான்னு நினைச்சேன். "சரிப்பா"ன்னுட்டா. அவ்வளவுதான். "சரிப்பா." அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க இந்தச் சரிப்பா. போன் பண்ணினா, "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்ப்பா." "படிக்கறியா?" "படிக்கறேன்ப்பா." "எங்க இருக்கே?" "ஹாஸ்டல்லப்பா." எனக்கு எப்படித் தெரியும் ஹாஸ்டல்தான்னு? பட்டன் போன்ல ஆப் ஏறாதே! முன்னாடியாச்சும் பொய்ப் புள்ளியாவது ஒண்ணு வந்துச்சு. இப்ப அதுவும் இல்லை. வேலையில உக்காந்தா கை தானாப் போனை எடுக்குது. மேப்பு வெறுசா கெடக்குது. ஒரு நாள் மிஷின் ஹால்ல நூல் அந்து குவிஞ்சு கெடந்திருக்குது, நான் கவனிக்கவே இல்லை. மேனேஜரு கத்தினாரு. அவரு பொண்ணு புள்ளி அவரு போன்ல ஒழுங்கா ஓடுது, அவருக்கென்ன.

ஆனா கலாமணி கிட்ட மட்டும் அடிக்கடி பேசறா. அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் உள்ள போனா, "இந்தா, அப்பாகிட்டப் பேசு"ன்னு போனை நீட்டுவா. வாங்கிக் காதுல வெச்சா, "சாப்பிட்டேன்ப்பா."

பார்த்தேன். சரி, அந்தப் பெரிய போனையே திரும்பக் குடுத்துரலாம், பழையபடி பூட்டி, ஆப்பைப் போட்டுக் குடுத்துரலாம்னு ஜெபராஜ் கிட்டக் கொண்டு போனேன். "பூட்டறதுதானுங்ணா, திறக்கறதை விடச் சுலபம்"னான். என்னவோ கேபிளைப் போட்டான், தட்டினான். போன் செத்துப்போச்சுங்க. கம்பெனிப் பேரு வரும், அணையும். திரும்ப வரும், அணையும். உள்ள இருக்கற சாஃப்ட்வேரு வேறயாம், மாட்டினது கம்பெனிப் பூட்டாம், ரெண்டும் ஒத்துக்கலையாம். "முதல்ல கம்பெனி சாஃப்ட்வேரை ஏத்திட்டுத்தான் பூட்டியிருக்கோணும், மறந்துட்டேன்"ங்கறான். திருப்பூர்ல பெரிய சர்வீஸ் சென்டருக்கும் கொண்டு போனேன். ஏ.சி. போட்டு உக்காந்திருக்கறவன், பூட்டைத் திறந்த போனை நாங்க தொட மாட்டோம்னுட்டான்.

கடைசியில ஜெபராஜே சொல்றான், "ஏனுங்ணா, பாப்பா கிட்டயே குடுத்துப் பாருங்களேன். அதுக்கு வழி தெரிஞ்சாலும் தெரியும்."

வேற வழி? நேத்துப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையா அவ "சரிப்பா"ன்னு சொல்லலை. "எந்த நிலைமையில நிக்குது? பேரு வந்து அணையுதா, இல்ல வரவே மாட்டேங்குதா? ஜெபராஜ் அண்ணன் எந்த கமாண்ட் குடுத்தாரு?"ன்னு டாக்டர் மாதிரி கேக்கறா. எனக்கென்ன தெரியும். அப்புறம் சொன்னா, "கொண்டு வாங்கப்பா. முயற்சி பண்றேன், பொழைக்க வெச்சுரலாம். ஆனா நான் திறந்துதான் குடுப்பேன். பூட்டித் தர மாட்டேன்."

பெத்த அப்பன் கிட்ட இப்படிப் பேசலாமுங்களா? அவளைப் பார்த்துக்கறதுக்குத்தான் அந்தப் போனே. அதைச் சரி பண்றதுக்கு அவ கிட்டயே போயி நிக்கற நிலைமை எனக்கு. இது எங்கயாச்சும் நடக்குங்களா?

ஏனுங்க, உங்களுக்குப் பையனுங்களா? என்ன படிக்கறான்? இஞ்சினியரிங்கா! கம்ப்யூட்டரா! அட, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? இந்தப் போனை அவன் கிட்டக் காட்டினா சரி பண்ணிருவான்ல? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். இப்பவே கேளுங்க. பொண்ணு கிட்டப் போயி நிக்க வேண்டாம் பாருங்க.

தெரியாதுங்கறானா? நல்லாக் கேட்டீங்களா? பூட்லோடர்னு சொன்னீங்களா? கேள்விப்பட்டிருக்கானாம், செஞ்சதில்லையாமா. நாலு வருஷம் என்னதான் சொல்லிக் குடுக்கறாங்களோ அந்தக் காலேஜ்ல. போகட்டும், விடுங்க.

இருங்க, கூப்பிடறா. "ஹலோ... ஆமா அம்மிணி, பஸ்லதான் இருக்கேன்... குளித்தலை தாண்டியாச்சு... ஜன்னலோரம் இல்லை, இந்தப் பக்கம்தான் கிடைச்சுது... சாப்பிட்டேன். இட்லி... வேண்டாம், நீ எதுக்கு அவ்வளவு தூரம் வர்றே, நானே ஆட்டோ பிடிச்சு... சரி. சரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயே நில்லு... வெச்சிருக்கேன், பையிலதான் இருக்குது, கூட்டத்துல பத்திரமா வெச்சிருக்கேன்... சரிம்மா."

பார்த்தீங்களா? கரூர்ல ஒருக்கா கூப்பிட்டா, மாயனூர்ல ஒருக்கா, இப்ப திரும்ப. எங்க வர்றீங்க, எங்க வர்றீங்கன்னு. நான் என்ன சின்னப் புள்ளைங்களா, தொலைஞ்சு போறதுக்கு?